மூன்று வாரம், ஒரே சமையலறை: அமெரிக்க மீட்பு மிஷன்களுக்குத் தொண்டு செய்யப் போகிறவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டல்லாஸில் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் ஒருவர், வரும் டிசம்பரில் கிடைக்கும் மூன்று வார விடுப்பில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களுக்கும் சென்று, வீடற்றோர் புகலிடங்களிலும், குடியிலிருந்தும் போதைப் பழக்கத்திலிருந்தும் மீள்வோருக்கான கிறிஸ்தவ ஊழியங்களிலும் தொண்டு செய்ய விரும்புகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் தம் அண்ணனைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். எந்த இடத்துக்குப் போவது, எப்படிச் சேர்வது, எச்-1பி வேலை விசாவில் இது சட்டப்படி சரியா, மூன்று வாரத்தில் உண்மையாகவே பயன் ஏதும் விளையுமா, கையில் என்ன கொண்டுபோகலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

நான் அமெரிக்க மத்திய மேற்கு நகரம் ஒன்றில், ஒரு மீட்பு மிஷனின், அதாவது வீடற்றோருக்கு உணவும் படுக்கையும் தந்து, குடியிலிருந்து மீளவும் உதவும் கிறிஸ்தவப் புகலிடத்தின் சமையலறையில் பதினோரு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் நிற்கிறவன். வெளியூரிலிருந்து வந்த தொண்டர் குழுக்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்; தொடக்கத்தில் நானும் அப்படிப் போனவன்தான். அந்த அனுபவத்திலிருந்து என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்று நகரம் வேண்டாம். ஒரு நகரம், அதிலும் ஒரே இடம் போதும். விடுப்பை ஜனவரிக் கடைசிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவையுங்கள். புகலிடம் என்பது மணிக்கணக்கில் ஓடுகிற வீடு. விளக்கு எரியும் நேரம், சிற்றுண்டி நேரம், படுக்கைத் துணி மாற்றும் நேரம், ஆராதனை நேரம், கதவு பூட்டும் நேரம் என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. வாழ்க்கையில் எல்லா ஒழுங்கும் குலைந்துபோன மனிதர்களுக்கு அந்த ஒழுங்கே பாதி மருந்து. வாரத்துக்கு ஒரு நகரம் என்று பறந்து வருகிறவரால் அந்த ஒழுங்குக்குள் நுழையவே முடியாது. வேலையைக் கற்றுக்கொள்வதற்குள் விமான நேரம் வந்துவிடும்.

இந்த மிஷன்கள் எப்படிப் பிறந்தன என்பதைத் தெரிந்துகொண்டு போனால் உள்ளே நடப்பவை பல எளிதில் விளங்கும். ஜெரி மெக்காலி என்பவர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர். நியூயார்க் ஆற்றங்கரையில் திருடிப் பிழைத்து, 15 ஆண்டுத் தண்டனை பெற்றுச் சிங் சிங் சிறைக்குப் போனார். சிறையில் மனந்திரும்பினார், வெளியே வந்த பிறகு மீண்டும் குடியில் விழுந்தார், மறுபடியும் எழுந்தார். 1872ஆம் ஆண்டு அக்டோபரில் மன்ஹாட்டனின் வாட்டர் தெருவில், தம்மைப் போன்றவர்களுக்காக அவரும் அவர் மனைவி மரியாவும் ஒரு கதவைத் திறந்தார்கள். அமெரிக்காவின் முதல் மீட்பு மிஷன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே நகரத்தின் பவரி மிஷன் 1879இல் தொடங்கியது. சிகாகோவில் 1877இல் கர்னல் ஜார்ஜ் கிளார்க்கும் அவர் மனைவி சாராவும் தொடங்கிய மிஷன், சில ஆண்டுகளில் ‘பசிபிக் பியர் கார்டன்’ என்ற மதுக்கடை இருந்த இடத்துக்கு மாறியது. அப்போது சுவிசேஷகர் டி. எல். மூடி, பலகையில் ‘பியரை’ எடுத்துவிட்டு ‘மிஷனை’ச் சேர்த்தால் போதுமே என்று யோசனை சொன்னதாகச் சொல்வார்கள். இன்றும் அதன் பெயர் பசிபிக் கார்டன் மிஷன்தான். மீண்டவர்களின் வாழ்க்கைக் கதைகளை 1950 முதல் வானொலி நாடகமாக ஒலிபரப்பி வருகிறது. லாஸ் ஏஞ்சலஸின் யூனியன் ரெஸ்க்யூ மிஷனை 1891இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர், யூனியன் எண்ணெய் நிறுவனத்தின் லைமன் ஸ்டூவர்ட். வில்லியம் பூத் 1865இல் லண்டனில் தொடங்கிய இரட்சணிய சேனையை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை அந்தச் சேனையுடையதுதான், பெயரும் பூத்தின் மனைவி பெயர்தான். அமெரிக்க நகரங்களில் பழைய துணியும் மேசை நாற்காலியும் விற்கும் அவர்களுடைய கடைகளுக்குப் பின்னால், குடியிலிருந்து மீள்வோர் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கியிருக்கும் மையங்கள் இயங்குகின்றன என்பது அந்தக் கடையில் சோபா வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது.

மெக்காலியின் கதையை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. விழுந்தவர்கள் எழுந்து நின்று, விழுந்து கிடப்பவர்களுக்காகத் தொடங்கிய இடங்கள் இவை. இன்றும் இவற்றின் ஊழியர்களில் கணிசமானவர்கள் அங்கேயே மீண்டவர்கள். உங்களுக்குக் கையுறையைக் கொடுத்து, எந்தக் கரண்டியால் எவ்வளவு பரிமாற வேண்டும் என்று சொல்லப்போகிறவர், பத்தாண்டுக்கு முன் அதே வரிசையில் தட்டேந்தி நின்றவராக இருக்கலாம். ‘உதவி செய்யப் போகிறேன்’ என்ற எண்ணத்தோடு உள்ளே நுழைகிறவர் முதல் அரைமணி நேரத்திலேயே தடுமாறுவது இதனால்தான். அங்கே உங்களைவிட அந்தக் கையுறை கொடுத்தவருக்கே எல்லாம் தெரியும்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு வகையான மனிதர்கள் இருப்பார்கள். இந்த வேறுபாட்டை முதல் நாளே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வகையினர் இரவு தங்க வருகிறவர்கள். மாலையில் வரிசையில் நின்று, பையைச் சோதனைக்குக் கொடுத்து, குளித்து, உண்டு, உறங்கி, காலையில் வெளியேறுகிறவர்கள். மிஷன்களில் இவர்களை ‘விருந்தினர்’ என்று அழைப்பார்கள். நீங்களும் அப்படியே அழையுங்கள். இன்னொரு வகையினர் மீட்புத் திட்டத்தில் சேர்ந்தவர்கள். ஒன்பது மாதம், ஓராண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் அங்கேயே தங்கி, வேதபாடம், ஆலோசனை, படிப்பு, சமையலறையிலோ சலவையறையிலோ வேலை என்று படிப்படியாக முன்னேறுகிறவர்கள். முதல் சில வாரங்களில் அவர்களுக்குக் கைபேசி இராது, தனியே வெளியே போக அனுமதியும் இராது. டேவிட் வில்கர்சன் 1958இல் புரூக்ளினில் தொடங்கிய ஊழியத்திலிருந்து வளர்ந்த ‘டீன் சேலஞ்ச்’ மையங்களிலும் ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ ஆகும் தங்கும் திட்டம்தான் வழக்கம். பெயரில் ‘டீன்’ என்று இருந்தாலும் இன்று அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் வயதுவந்தவர்கள். மூன்று வாரத் தொண்டரை இப்படிப்பட்ட திட்டத்தின் உள்வட்டத்துக்குள், அதாவது ஆலோசனைக் குழுவுக்குள்ளோ தனிப்பட்ட சாட்சிக் கூட்டத்துக்குள்ளோ, நல்ல மிஷன் எதுவும் விடாது. விட்டால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

ஆகையால் உங்களுக்குக் கிடைக்கும் வேலை, காய் நறுக்குவது, பரிமாறுவது, தட்டு கழுவுவது, வந்து குவியும் துணியை அளவுவாரியாகப் பிரிப்பது, படுக்கைக்கு விரிப்பு மாற்றுவது ஆகியவைதான். ஏமாற்றமடைய வேண்டாம். மீட்புத் திட்டத்தில் இருக்கும் ஒருவரோடு இயல்பாகப் பேசும் வாய்ப்பு, இருவரும் சேர்ந்து இருபது கிலோ உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைப்பதில்லை. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை, கை வேலையில் இருக்கும், மௌனமாக இருந்தாலும் கூச்சமில்லை. ஒரே சமையலறையில் பத்து நாள் தொடர்ந்து நின்றால், பதினோராவது நாள் அவரே பேச்சைத் தொடங்குவார். நகரம் விட்டு நகரம் போகிறவருக்கு அந்தப் பதினோராவது நாள் வாய்ப்பதே இல்லை.

இனி நகரங்களைப் பற்றி. 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கின்படி அமெரிக்கா முழுவதும் 7,71,480 பேர் வீடற்றிருந்தார்கள். முந்தைய ஆண்டைவிட அது ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகம். ஆனால் நியூயார்க்கின் நிலையும் லாஸ் ஏஞ்சலஸின் நிலையும் ஒன்றல்ல. நியூயார்க்கில் ‘கலஹான்’ வழக்கில் 1981இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பேரில், கேட்பவருக்குப் படுக்கை தரும் கடமை நகர நிர்வாகத்தின் மேல் விழுந்தது. அதனால் அங்கே வீடற்றவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இரவில் ஏதோ ஒரு கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்; மிஷன்கள் பெரும்பாலும் உணவுக்கும் மீட்புத் திட்டத்துக்கும் உரிய இடங்களாக இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தெருவிலும் கூடாரத்திலும் வண்டியிலும்தான் உறங்குகிறார்கள். நகர மையத்தை ஒட்டி ஐம்பது தெருக்கட்டங்கள் அளவுக்கு விரிந்திருக்கும் ‘ஸ்கிட் ரோ’ பகுதியில் யூனியன் ரெஸ்க்யூ மிஷன், லாஸ் ஏஞ்சலஸ் மிஷன், மிட்நைட் மிஷன் மூன்றும் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. அவற்றுள் மிட்நைட் மிஷன் சமயச் சார்பற்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது.

வெளியூர்த் தொண்டர்களை வரவேற்றுத் தங்கவைக்கும் ஏற்பாடு எல்லா இடத்திலும் இருப்பதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ‘ட்ரீம் சென்டர்’ அத்தகைய இடம். டாமி பார்னட்டும் அவர் மகன் மாத்யூ பார்னட்டும் 1994இல் தொடங்கிய இந்த ஊழியம், மூடிக்கிடந்த ‘குயீன் ஆஃப் ஏஞ்சல்ஸ்’ மருத்துவமனைக் கட்டடத்தில் நடக்கிறது. தங்கி மீளும் திட்டமும், குறுகிய காலக் குழுக்களை ஏற்கும் வழக்கமும் அங்கே உண்டு. நீங்கள் தனியாள் என்பதால், தனியாகவும் வரலாமா அல்லது ஒரு சபைக் குழுவோடு சேர்ந்துதான் வரவேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். நியூயார்க்கில் நீங்கள் முற்றிலும் வேறொரு மரபைப் பார்க்கலாம். டோரதி டேயும் பீட்டர் மொரேனும் 1933இல் தொடங்கிய ‘கத்தோலிக்கத் தொழிலாளர்’ இயக்கத்தின் உபசரிப்பு இல்லங்கள் இரண்டு மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்கில் இன்றும் இயங்குகின்றன; அவற்றுள் ஒன்றான மேரி ஹவுஸில்தான் டே 1980இல் காலமானார். அங்கே திட்டமுமில்லை, படிநிலையுமில்லை, பட்டமளிப்புமில்லை. பசித்தவருக்குச் சூப்பு, களைத்தவருக்கு நாற்காலி, அவ்வளவுதான். நான் சீர்திருத்த சபைக்காரன். ஆனாலும் அந்த இல்லத்தின் சமையலறையில் கழித்த இரண்டு காலைப் பொழுதுகளில், எங்கள் மிஷன்களின் விதிப்பட்டியல் எவ்வளவு நீளம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் உங்களுக்கு லாஸ் ஏஞ்சலஸைச் சொல்வேன். தேவையும் அங்கே மிகுதி, தொலைவிலிருந்து வருபவரைப் பயன்படுத்திக்கொள்ளும் பழக்கமும் அங்கே மிகுதி. ஆனால் டல்லாஸிலேயே ‘யூனியன் காஸ்பல் மிஷன்’ இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. விடுப்புக்கு முன் இரண்டு மூன்று சனிக்கிழமைகள் அங்கே போய் நின்று பாருங்கள். அப்படிப் போனால், லாஸ் ஏஞ்சலஸில் உங்கள் முதல் வாரம் பயிற்சியில் வீணாகாது. விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு அடுத்த சனிக்கிழமை எங்கே நிற்பது என்ற கேள்வியும் எழாது.

டிசம்பர் வேண்டாம் என்பதற்குக் காரணம் எளியது. நவம்பரில் நன்றி நவிலும் நாளன்றும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் பரிமாற வருவோரின் கூட்டம் விருந்தினரின் கூட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். எங்கள் மிஷனில் அந்த நாட்களுக்கான பெயர்ப்பதிவு செப்டம்பரிலேயே நிரம்பிவிடுகிறது. பிப்ரவரி செவ்வாய்க்கிழமைக் காலையில் தட்டு கழுவ ஆள் தேடி அலைகிறோம். குளிர் உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களில்தான் சமையலறைக்கும் துணியறைக்கும் கை தேவை. டிசம்பரைத் தவிர வேறு வழியில்லை என்றால், இரட்சணிய சேனையின் சிவப்புக் குண்டான் அருகில் மணியடித்து நிற்கும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். 1891இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் மெக்ஃபீ என்ற அதிகாரி ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்தளிக்கப் பணம் திரட்டக் குண்டான் வைத்ததிலிருந்து வந்த வழக்கம் அது; கால் வலிக்கும், ஆனால் அந்த மாதத்துக்குரிய வேலை.

சேர்வதற்கான நடைமுறையில் பெரிய சிக்கலில்லை. மிஷனின் தொண்டர் ஒருங்கிணைப்பாளருக்கு ஆறு வாரம் முன்னதாக எழுதுங்கள். வரும் நாட்களையும், தினமும் எத்தனை மணி நேரம் நிற்க முடியும் என்பதையும், எந்த வேலையானாலும் சம்மதம் என்பதையும் மட்டும் எழுதினால் போதும். குற்றப் பின்னணிச் சோதனை பெரும்பாலும் இருக்கும்; தாய்களும் குழந்தைகளும் தங்கும் பகுதியென்றால் கட்டாயம் இருக்கும். பெருவிரல் மூடிய காலணி, முழங்கால் மூடிய உடை, நகையில்லாத கை. படம் எடுக்கக் கூடாது. ஒருவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தாலும் கூடாது, ஏனென்றால் அவர் யாரிடமிருந்து ஒளிந்து அங்கே வந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. தங்குவதற்குப் புகலிடத்தின் படுக்கையைக் கேட்காதீர்கள்; அந்தப் படுக்கைக்கு உரியவர் வெளியே நிற்கிறார். மலிவான விடுதியோ, உள்ளூர்த் தமிழ்ச் சபைக் குடும்பத்தின் வீடோ பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கக் கூடாது என்ற விதியை எல்லாரும் சொல்வார்கள், நானும் கேட்டிருந்தேன். முதல் ஆண்டில், திட்டத்தில் சேர்ந்து மூன்றாவது வாரத்தில் இருந்த ஒருவர், வேறு ஊரில் இருக்கும் மகளின் பிறந்தநாளுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லையென்று என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார். நாற்பது டாலர் கொடுத்தேன். மறுவாரம் அவர் அங்கே இல்லை. அவருடைய பொறுப்பாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்றாவது வாரத்தில் நாற்பது டாலர் என்றால் என்ன பொருள் என்று மட்டும் கேட்டார். ஐந்து மாதம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்தார், உயிரோடு வந்தார் என்பதே பெரிது. ஆனால் முதல் நாளிலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்க வேண்டியிருந்தது. மகள் இருந்தது உண்மை, பிறந்தநாளும் உண்மைதான். அதனால்தான் இந்த விதி எளிதாக மீறப்படுகிறது. பணம், கைபேசி எண், உங்கள் வண்டியில் பயணம், ‘நான் வேலை வாங்கித் தருகிறேன்’ போன்ற வாக்குறுதி ஆகிய நான்கையும் யாராவது கேட்டால், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பதில் சொல்லுங்கள். அது பொய்யுமல்ல, மறுப்புமல்ல.

மருந்து பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சபைப் பின்னணியிலிருந்து வருகிறவர்கள் நல்லெண்ணத்தோடு தவறு செய்யும் இடம் இதுதான். நாள்பட்ட குடிகாரர் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து இறக்கவும் நேரிடலாம். ஆகவே அது மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டிய காரியம். ஹெராயின், ஃபென்டனில் போன்றவற்றிலிருந்து மீள்வோரில் பலர் மெத்தடோன் அல்லது புப்ரினார்ஃபின் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். சில கிறிஸ்தவத் திட்டங்கள் இவற்றை அனுமதிப்பதில்லை, சில அனுமதிக்கின்றன. அந்த விவாதம் ஊழியர்களுக்குரியது. நீங்கள் யாரிடமும் ‘விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். மருந்தை விட்டவர் சில வாரம் கழித்துத் தவறி விழுந்தால், பழைய அளவைத் தாங்கும் சக்தி உடலுக்கு இராது. முதல் முறையே கடைசி முறையாகிவிடும். 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவுமீறிய போதையால் அமெரிக்காவில் இறந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் நலோக்சோன் மூக்குத் தெளிப்பான் 2023 முதல் மருந்துச் சீட்டில்லாமலே கடையில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தும் விதத்தை அரைமணி நேரத்தில் கற்கலாம்; கற்றுக்கொண்டு போங்கள்.

இனி உங்கள் அண்ணனைப் பற்றி. இதைக் கேள்வியாக நீங்கள் கேட்கவில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டீர்கள். ஆனால் எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் பட்டது. அண்ணன் வயதுள்ள ஒருவர் உங்கள் முன் தட்டை நீட்டும்போது, அவர் காப்பாற்றப்பட வேண்டியவராக அல்லாமல் உங்கள் அண்ணனாகத் தெரிவார். அதில் குற்றமில்லை; ஆனால் அவர் தவறி விழுந்தால் அதை இரண்டாவது சாவாக நீங்கள் சுமப்பீர்கள், அந்தச் சுமை அவருக்கும் தெரியும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையில் 1991இல் ஜான் பேக்கர் தொடங்கிய ‘செலிபிரேட் ரெகவரி’ கூட்டங்கள் இன்று அமெரிக்கச் சபைகள் பலவற்றில் வாரம் ஒரு மாலை நடக்கின்றன. மலைப்பிரசங்கத்தின் பாக்கியவசனங்களிலிருந்து எடுத்த எட்டுக் கொள்கைகளும், 1935இல் அக்ரனில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளும் அதில் இணைந்திருக்கின்றன. பாட்டு, ஒரு சாட்சி அல்லது பாடம், அதன்பின் ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் சிறு குழுக்கள். குடிப்பவர்களுக்கு மட்டுமல்ல, குடிப்பவரின் வீட்டிலிருந்து காயத்தோடு வருகிறவர்களுக்கும் அங்கே இடமுண்டு. சமயக் கூட்டம் வேண்டாம் என்றால், குடும்பத்தினருக்கென்றே 1951 முதல் இயங்கும் அல்-அனான் இருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குத் தொண்டராகப் போகாதீர்கள். வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்காருகிறவராகப் போங்கள். பகலில் சமையலறை, வாரம் ஒரு மாலை அந்த நாற்காலி என்று அமைத்துக்கொண்டால், மீட்பு ஊழியத்தை உள்ளிருந்து பார்க்க மூன்று வாரத்தில் உங்களுக்குள்ள நேர்மையான ஒரே வழி அதுவாகத்தான் இருக்கும். நம் குடும்பங்களில் குடியால் இறந்தவரை ‘மாரடைப்பு’ என்று சொல்லிப் புதைத்துவிட்டு, அதன்பின் யாரிடமும் பேசாமல் இருக்கிறோம். அங்கே முன்பின் தெரியாத ஒரு லாரி ஓட்டுநர் தம் தம்பியைப் பற்றிச் சொல்லக் கேட்கும்போது, தமிழில் சொல்ல முடியாததை ஆங்கிலத்தில் சொல்வது சற்று எளிதாகக்கூட இருக்கலாம்.

நீங்கள் போகும் உலகம் சர்ச்சையற்றதல்ல என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். முதலில் வீட்டைக் கொடு, மற்றவை பிறகு என்ற கொள்கையை 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பின்னர் மத்திய அரசின் நிதியும் நெடுங்காலம் அந்த வழியையே சார்ந்திருந்தது. குடியை விட்டுவிட்டு வா, விதிக்குக் கட்டுப்படு என்று சொல்லும் மிஷன்கள் பல அந்த நிதியை நாடாமல் நன்கொடையாலேயே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூரில், ஏறத்தாழ 38,000 மக்களுக்கு நடுவே 600 பேர் வரை வீடற்றிருந்தபோது, ஊரில் இருந்த வயதுவந்தவர்களுக்கான புகலிடம் ஒரு சுவிசேஷ மிஷன்தான். புகை பிடிக்கக் கூடாது, ஆராதனைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்பவை அதன் விதிகளில் அடங்கும். பொது இடத்தில் உறங்குவோருக்கு அபராதம் விதிப்பது செல்லும் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்த வழக்கில், அந்த விதிகளும் பேசப்பட்டன. சிகிச்சை என்ற பெயரில் வாங்கும் வேலைக்குக் கூலி உண்டா என்பது இன்னொரு வழக்கு. முன்னாள் போதை அடிமைகளைச் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் தன் வணிகங்களில் வேலை வாங்கிய ஒரு சமய நிறுவனத்துக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் 1985இல் அலமோ அறக்கட்டளை வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், ஆராதனை சோற்றுக்கு விலையாகக் கூடாது. முதலில் தட்டு, பிறகு விருப்பமுள்ளவருக்குப் பாட்டு. எங்கள் மிஷன் சில ஆண்டுகளுக்கு முன் அப்படி மாற்றியபோது, ஆராதனைக் கூடத்தில் கூட்டம் குறைந்தது. மிஞ்சியவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இது எப்படி என்று முன்பே கேட்டுக்கொண்டு, உங்கள் மனசாட்சிக்கு ஒத்துவந்தால் போங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில், எல்லாத் தொண்டர்களும் கூலியின்றிச் செய்கிற வேலையை நீங்களும் கூலியின்றிச் செய்வதற்கு எச்-1பி தடையில்லை. பரிமாறுங்கள், துணி மடியுங்கள். ஆனால் அவர்களுடைய கணினி அமைப்பைச் சீர்செய்து தருகிறேன் என்று உங்கள் தொழிலைத் தொண்டாகச் செய்யத் தொடங்காதீர்கள். கூலிக்கு ஆள் வைக்க வேண்டிய வேலை அது. இலவச அறையும் உணவும்கூட ஊதியமாகக் கருதப்பட இடமுண்டு என்பதால், தங்கும் செலவை நீங்களே ஏற்பது பாதுகாப்பு. உங்களைப் பார்த்து ஊரிலிருந்து நண்பர் யாராவது இதற்காகவே வர விரும்பினால், சமய அல்லது தொண்டு நிறுவனம் நடத்தும் தன்னார்வச் சேவைக்கு உரியது பி-1 விசா; நிறுவனத்தின் கடிதத்தோடு, நோக்கத்தை மறைக்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வரியில் ஒரு சிறு சலுகையும் உண்டு. கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் காட்டுகிறவர் நீங்கள் என்றால், தொண்டுக்காகச் செய்த, யாரும் திருப்பித் தராத பயணச் செலவையும், சொந்த வண்டிக்கு மைலுக்கு 14 சென்ட்டையும் கழிக்கலாம். ஆனால் பயணத்தில் சுற்றுலா கணிசமாகக் கலந்திருக்கக் கூடாது. மூன்று நகரத் திட்டத்தைக் கைவிட அதுவும் ஒரு காரணம்.

கையில் என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டதோடு, அம்மா ஊரிலிருந்து அனுப்பும் முறுக்கும் அதிரசமும் கொடுக்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். வீட்டில் செய்த பண்டத்தைப் பெரும்பாலான மிஷன் சமையலறைகள் சுகாதார விதிப்படி ஏற்பதில்லை. ஏற்றாலும் முறுக்கு அங்கே உதவாது. மெத் என்ற போதைப்பொருள் பழக்கத்தாலும் பல்லாண்டுத் தெரு வாழ்க்கையாலும் பல் இழந்தவர்கள் பலர் வரிசையில் நிற்பார்கள், ஆப்பிளைக்கூட நாங்கள் வேகவைத்துத்தான் வைக்கிறோம். தடித்த காலுறைகளைப் பெரிய அளவில், புதிதாக, விலைச்சீட்டோடு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போங்கள். துணிமூட்டை எவ்வளவு வந்தாலும் காலுறை மட்டும் எப்போதும் போதாது. பழையதை யாரும் அணிய முடியாது, ஈரக் காலோடு நடப்பவருக்கு ஒரு ஜோடி இரண்டு நாள்கூடத் தாங்காது. அதிரசத்தைச் சமையலறை ஊழியர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தலைமைச் சமையற்காரருக்கு நான் ஒருமுறை கொடுத்தேன். வெல்லம் என்றால் என்னவென்று கேட்டு, அடுத்த சனிக்கிழமை ஓட்ஸ் கஞ்சியில் அதைப் போட்டுப் பார்த்தார்.